செட்டிபாளையத்து ரேஸ் பள்ளிக் கார்: ஒரு குன்னூர் மெக்கானிக்கின் விமர்சனம்

கீழே கோயம்புத்தூருக்குப் போய் ரேஸ் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று என் பட்டறைக்கு வருகிற பையன்கள் அடிக்கடி கேட்கிறார்கள். என் அக்கா மகளுக்குக் கார் என்றால் உயிர். கேத்தி பள்ளத்தாக்கில் அவள் அப்பாவுக்குக் கேரட் தோட்டம். லைசென்ஸ் வந்த நாளிலிருந்து பிக்கப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டி வரைக்கும் அவளே ஓட்டுகிறாள். அவளைத்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஒரு ரேஸ் பள்ளியின் ஆரம்ப வகுப்பில் சேர்த்தோம். நானும் கூடவே இருந்து பார்த்தேன். மெக்கானிக் என்று சொன்னதும் காருக்கு அடியில் படுத்துப் பார்க்கவும் விட்டார்கள். பள்ளியின் பெயரைவிட அங்கே இருக்கும் வண்டியும் சொல்லிக்கொடுக்கும் முறையும்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். அதனால் அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் வண்டி. ஒரே ஒரு சீட். சக்கரம் நாலும் வெளியே திறந்து கிடக்கின்றன. ஸ்டீல் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய கூடு, அதன்மேல் ஃபைபர் உடல். எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். அந்த எஞ்சின் நமக்கெல்லாம் பழக்கமான மாருதி எஞ்சின்தான். கியர்பாக்ஸும் தெருவில் ஓடும் காரிலிருந்து வந்ததுதான், கியர் போடக் கையால் தள்ளும் லீவர். முன்னாலும் பின்னாலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு கைகள் பிடித்திருக்கும். பவர் ஸ்டியரிங் கிடையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. பிரேக்குக்கு பூஸ்டர் கிடையாது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்ற பேச்சே இல்லை. மேலே திறந்த கூடு என்பதால் கண்ணாடி, ஏசி, சவுண்ட் சிஸ்டம் எதுவும் இல்லை. ஓட்டுபவரின் கண் மட்டம் தரைக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும்.

இப்படிப்பட்ட கார் நம் ஊரில் எப்படி வந்தது என்று பையன்களுக்குத் தெரிய வேண்டும். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் என்பவர் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். அதுவரை இங்கே ரேஸ் ஓட்ட வேண்டுமென்றால் வெளிநாட்டுக் கார் வாங்கும் வசதி வேண்டும், இல்லையென்றால் பழைய காரைச் செதுக்கிக்கொண்டு போக வேண்டும். மாருதி 800-க்கு ஸ்பேர் கிடைக்காத ஊர் அப்போது இந்தியாவில் இல்லை என்றே சொல்லலாம். அந்த ஒரு முடிவினால்தான் நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் சிலர் ரேஸ் காரில் உட்கார முடிந்தது என்பது என் உறுதியான எண்ணம். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். 2003-ல் திறந்த செட்டிபாளையம் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நரேன் கார்த்திகேயன் 1992-ல் பிரான்ஸில் எல்ஃப் வின்ஃபீல்ட் ரேஸ் பள்ளிக்குப் போய்வந்தவர், இங்கே ஃபார்முலா மாருதியும் ஓட்டியவர். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் அவர். மலையடிவாரத்து ஊர்க்காரர், நம் பக்கத்து ஆள். இன்றைக்குச் செட்டிபாளையத்தில் ஓடும் எல்ஜிபி என்ற கோயம்புத்தூர் கம்பெனியின் பெயர் கொண்ட ஃபார்முலா கார்களும் கரிவரதனின் அதே எண்ணத்தில் பிறந்தவைதான். தெருக்காரின் எஞ்சின், ரேஸ் காரின் உடல்.

சரி, இதில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்?

பெரும்பாலும் பிரேக். வேகமாகப் போகத்தான் சொல்லிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து வருகிற பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. எனக்கோ அதுதான் அந்தப் பள்ளியின் மேல் மதிப்பு வர முதல் காரணம்.

நம் தெருக்காரில் பிரேக் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் பூஸ்டர் இருக்கிறது. எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தை வைத்து அது நம் காலுக்கு உதவி செய்கிறது. வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். கெட்டியாகிவிடும். ரேஸ் பள்ளிக் காரில் எப்போதுமே அந்தக் கெட்டிதான். முழு வேகத்தில் வந்து நிறுத்த வேண்டுமென்றால் தொடை வலிக்கிற அளவுக்கு மிதிக்க வேண்டும். அதிகமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதாவது சுழலாமல் நின்று வழுக்கும், ஏபிஎஸ் வந்து காப்பாற்றாது. முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். டயர் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும், அப்புறம் அந்த ரவுண்டு முழுக்க ஸ்டியரிங் நடுங்கிக்கொண்டே இருக்கும். பிள்ளை செய்தது என்ன என்று கார் கையில் சொல்லிக்கொண்டே வருகிறது. வேறு யாரும் திட்டவே வேண்டாம்.

பயிற்சியாளர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், வயதில் மூத்தவர், என் அக்கா மகளிடம் சொன்னது: "கண்ணு, பிரேக்கை மிதிக்கிறதை எல்லாரும் ஒரு நாள்ல கத்துக்குவாங்க. விடறதுக்குத்தான் ரொம்ப நாள் ஆகும்." இருபது வருடத்துக்கு மேலாக பிரேக் வேலை பார்க்கிறேன், இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நேரான தடத்தில் முதலில் பலமாக மிதித்து, வளைவு நெருங்க நெருங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விடுகிற அளவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன் சக்கரங்களுக்கு வருகிறது, அதனால் முன் டயர் நன்றாகக் கடிக்கும். சட்டென்று காலை எடுத்தால் பாரம் பின்னால் போய்விடும், கார் திரும்ப மறுக்கும். வளைவின் நடுவில் பதறி பிரேக்கை மிதித்தால் பின் பக்கம் லேசாகி, வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். ஒரு டயருக்கு இருக்கும் பிடி ஒரு அளவுதான். அதை நிறுத்தவும் திருப்பவும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்குப் புரிந்தவர்கள்தான் ஓட்டுநர்கள்.

நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் வகுப்பறை. கொடிகள் முதலில்: மஞ்சள் காட்டினால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாக பிட்டுக்கு, அதாவது தடத்தின் ஓரத்தில் கார்கள் நிற்கும் இடத்துக்குத் திரும்பு. மஞ்சளும் சிவப்பும் கோடுபோட்ட கொடி என்றால் தடம் வழுக்குகிறது. கொடியைப் பார்க்கத் தவறுகிற பிள்ளையை எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் அந்தச் சுற்றோடு உள்ளே கூப்பிட்டுவிடுகிறார்கள். அப்புறம் வளைவில் எங்கே திருப்புவது, எங்கே உள் விளிம்பைத் தொடுவது, எங்கே வெளியே விடுவது என்ற பாடம்.

அடுத்து தடத்தில் நடக்க வைத்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தடம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, குன்னூர் குளிரில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் பெரிய பாடுதான். ஆனால் நடந்தால்தான் தடம் எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே மேடு, எங்கே தார் மாறுகிறது என்று காலுக்குத் தெரிகிறது. வளைவுக்கு இன்னும் எத்தனை மீட்டர் என்று காட்ட நூறு, ஐம்பது என்று எழுதிய தூரப் பலகைகளை அப்போதுதான் கவனிக்க வைத்தார்கள். பிறகு சாதாரணக் காரில், பயிற்சியாளர் ஓட்ட, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அப்புறம் இடம் மாறினார்கள். ஒற்றை சீட் காரில் ஏறியபோது மதியமாகிவிட்டது.

ஏறுவதே ஒரு வேலை. ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, கையுறை, கழுத்தைத் தாங்கும் ஹான்ஸ் கருவி, தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் இறுக்கும் பெல்ட். மெக்கானிக் பெல்ட்டை இறுக்கும்போது மூச்சை முழுசாக விடச் சொல்கிறார். முதல் ஓட்டத்தில் பயிற்சியாளர் முன்னால் ஒரு காரில் போக, பிள்ளைகள் வரிசையாகப் பின்னால் போகிறார்கள். யாரும் முந்தக் கூடாது. எஞ்சின் சுற்றுக்கு ஒரு எல்லை வைத்திருந்தார்கள், அதைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு ஓட்டமும் முடிந்து உள்ளே வந்தால், வளைவில் நின்று பார்த்த பயிற்சியாளர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுகிறார். ஒழுங்காக இருந்தால் அடுத்த ஓட்டத்துக்கு எல்லையைக் கொஞ்சம் உயர்த்துகிறார்கள். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காசு கட்டினேன், முழு வேகம் கொடு என்று கேட்க வழியில்லை. சம்பாதித்துத்தான் வேகம் வாங்க வேண்டும்.

கியர் குறைக்கிற வித்தைதான் எல்லாரையும் அழ வைத்தது. வலது காலின் முன்பகுதியால் பிரேக்கை மிதித்துக்கொண்டே, அதே காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இடது கால் கிளட்சில். எஞ்சின் சுற்றும் சக்கரச் சுற்றும் ஒன்றாக வந்தபின் கிளட்சை விட்டால் கார் குலுங்காமல் கீழ்க் கியருக்குப் போகும். தட்டாமல் விட்டால் பின் சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும், வளைவில் அது போதும் சுற்றிவிட. கோ கார்ட் ஓட்டி நிறையக் கோப்பைகள் வாங்கியிருந்த திருப்பூர்ப் பையன் ஒருவன், பதினைந்து வயது இருக்கும், இதில்தான் திணறினான். கார்ட்டில் இரண்டே பெடல், இடது காலால் பிரேக் பிடித்துப் பழகியவன். வளைவில் கோடு பிடிப்பதில் அவனை யாரும் நெருங்க முடியவில்லை, கிளட்ச் வந்ததும் தடுமாறினான். வீட்டில் சிமுலேட்டரில் பழகிய இன்னொரு பையனுக்கு தடம் மனப்பாடம். ஆனால் சிமுலேட்டரில் உடம்பு முன்னால் தள்ளப்படுவதில்லை, பின் பக்கம் வழுக்குவது இடுப்புக்குத் தெரிவதில்லை. அவன் கண் வேகமாகவும் உடம்பு தாமதமாகவும் இருந்தன. சாயங்காலத்துக்குள் இரண்டும் ஓரளவு சேர்ந்துவிட்டன.

என் அக்கா மகளுக்கு நேர்மாறு. பிக்கப் ஓட்டிப் பழகிய பிள்ளை, இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கில் வருவது கைவந்த வேலை. ஆனால் பிரேக்கைப் பலமாக மிதிக்கவே மாட்டேன் என்றாள். மலையில் அப்படித்தானே வளர்த்திருக்கிறோம்: லைனிங் சூடாகும், தொட்டுத் தொட்டு விடு என்று. தடத்தில் அது எதிர்ப் பாடம். நூறு மீட்டர் பலகைக்கு வெகு முன்னாலேயே காலை எடுத்துவிடுவாள். பயிற்சியாளர் அவளைத் திட்டவில்லை. வளைவு எதுவும் இல்லாத நேரான இடத்தில் கூம்புகளை வைத்து, முழுசாக நிறுத்தி நிறுத்திப் பழக்கினார். சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை மிதி, பூட்டியதும் ஒரு இழை விடு, திரும்பவும் பிடி. அது மட்டும்தான். அந்தப் பயிற்சிக்கு அப்புறம் ஓடிய ஓட்டத்தில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். "மாமா, எனக்கு இப்போ டயரோட குரல் கேக்குது" என்றாள் ஹெல்மெட்டைக் கழற்றியதும். பூட்டிக்கொள்ளும் முன் டயர் லேசாகக் கத்தும், அதைத்தான் சொல்கிறாள்.

ஒரு தடவை சுற்றியும் விட்டாள். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் மிதித்ததில் பின் பக்கம் போய்விட்டது. கார் சுற்றத் தொடங்கினால் இரண்டு காலையும் மிதி, பிரேக்கும் கிளட்சும் சேர்த்து என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தாள். கார் புல்லில் போய் நின்றது, எஞ்சின்கூட அணையவில்லை. ஒரு பிள்ளை இப்படி ஒரு விஷயத்தைப் பயமில்லாத இடத்தில் அனுபவித்துப் பார்ப்பதற்குத்தான் தடம் வேண்டும். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கத்தில் அந்த அனுபவம் வந்தால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

மெக்கானிக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் பட்டறைக்கு வருகிற எல்லாருக்கும் இது பயன்படும். அந்தப் பள்ளியின் கார்களுக்கு பிரேக் ஆயிலை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்று போட்ட ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவிக் குமிழி வரும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. வருடத்தில் பாதி மூடுபனியும் மழையுமாக இருக்கும் நீலகிரியில், இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே இறங்கும் வண்டிக்கு எது நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சீசனில் பிரேக் வாடையோடு ஓரம் கட்டி நிற்கும் வெளியூர்க் கார்களை நாம் பார்க்காத வருடம் இல்லை. தயவுசெய்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது ஆயிலை மாற்றுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். குன்னூர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சு கொஞ்சம் குறையும். அதே ரக மாருதி எஞ்சினை கீழே கேட்டபோது அதன் இழுப்பே வேறாக இருந்தது. கேட்கவே சந்தோஷம்.

இனி குறைகள். காசு கொடுத்துப் போனவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் போன பள்ளியில் வகுப்பறைப் படங்களும் அச்சடித்த தாள்களும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. தடத்தில் எல்லாரும் தமிழில் அருமையாகப் பேசுகிறார்கள். வகுப்பில் ஏன் அது இல்லை? கிராமத்துப் பள்ளியில் படித்த பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. அடுத்தது சீட். உயரமான பையனுக்கும் குட்டையான பெண்ணுக்கும் ஒரே கார். ஸ்பாஞ்சு வைத்து அடைத்தார்கள், ஆனாலும் கிளட்சை முழுசாக மிதிக்க என் அக்கா மகள் கீழே சறுக்க வேண்டியிருந்தது. பிரேக்கைப் பாடமாக வைத்திருக்கும் பள்ளி, கால் எட்டுவதைச் சரியாகச் செய்யாமல் விடலாமா? அங்கே சிறிய அளவு கையுறையும் இல்லை. பெண் பிள்ளைகள் உடை மாற்றத் தனி இடமும் ஒழுங்காக இல்லை. ஒரு காரில் லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கியர் லிங்கேஜ் கழன்று அது ஒதுங்கிவிட, மிச்சக் கார்களைப் பகிர்ந்துகொண்டதில் எல்லாருக்கும் ஓடும் நேரம் குறைந்தது. கார் பழுதாவது இயல்பு, அதில் கோபமில்லை. குறைந்த நேரத்துக்கு ஈடாக இன்னொரு நாள் கொடுத்திருக்க வேண்டும், கேட்டும் கொடுக்கவில்லை. கட்டணம் குறைவில்லை. ஒரு தோட்டக்கார வீட்டுக்கு அது யோசித்துக் கட்ட வேண்டிய தொகை.

ஓட்டத்தின் பதிவைக் காட்டியது நல்ல விஷயம். எங்கே மிதித்தாள், எங்கே விட்டாள், எவ்வளவு வேகம் என்று கோடுகளாக வருகிறது. பயிற்சியாளரின் கோட்டையும் அவள் கோட்டையும் மேலே மேலே வைத்துப் பார்த்ததில், அவள் பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் காலை மாற்றும்போது எதையும் மிதிக்காமல் வெறுமனே உருளும் நேரம் தெரிந்தது. வாயால் எத்தனை தடவை சொன்னாலும் நம்பாத பிள்ளை, கோட்டைப் பார்த்ததும் நம்பினாள்.

2023-லிருந்து நம் நாட்டில் இளம் ஓட்டுநர்களுக்கான எஃப்4 (ஃபார்முலா 4) இந்தியன் சாம்பியன்ஷிப் நடக்கிறது. அதில் ஓடும் காருக்கு மைகேல் என்ற பிரெஞ்சு நிறுவனம் கட்டிய கார்பன் ஃபைபர் கூடு, தலைக்கு மேல் ஹேலோ வளையம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் கியர். பாதுகாப்பில் பள்ளிக் காரைவிட வெகு தூரம் முன்னால் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. நேராக அதற்கே போய்விடலாமே என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். என் பதில் வேண்டாம் என்பதுதான். விரலால் கியர் போட்டுக் கற்ற பிள்ளைக்கு எஞ்சின் சுற்றையும் சக்கரச் சுற்றையும் சேர்க்கும் வேலையைக் கார் செய்துவிடுகிறது. அடிப்படை கைக்கு வராமலே வேகம் வந்துவிடும். ஒரு வருடமாவது இந்தக் குழாய்க் கூட்டுக் காரில் உழைக்கட்டும். எஃப்4-ஐவிடச் செலவும் குறைவு, உடைந்தால் நம்ம ஊர் மெக்கானிக்கே சரி செய்யலாம்.

ரேஸுக்கே போக நினைக்காத பிள்ளைகளையும் ஒரு ஆரம்ப வகுப்புக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்வேன். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏன் இரண்டாம் கியரில் வரச் சொல்கிறார்கள் என்பதைப் பலகை பார்த்துப் பின்பற்றுகிறவனுக்கும், காலால் உணர்ந்து பின்பற்றுகிறவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தக் கரைக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. இதை ஒருமுறை உடம்பால் அறிந்த பிள்ளை மலை ரோட்டில் விளையாட மாட்டாள். என் அக்கா மகள் இப்போது வளைவுக்கு முன்னாலேயே வேகத்தை முடித்துவிட்டு, வளைவின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டு திருப்புகிறாள். ஏறி வரும் பஸ்ஸுக்கு முன்கூட்டியே ஒதுங்கி வழி விடுகிறாள். மூட்டைகூட முன்னே மாதிரி சரிவதில்லை என்று அவள் அப்பா சொல்கிறார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மெல்லிய அடிப்பாகம் உள்ள, குறுகலான ஷூ எடுத்துப் போங்கள், பெடல்கள் மிக நெருக்கம். பருத்தி உள்ளாடை போடுங்கள், நைலான் வேண்டாம். தண்ணீர் நிறைய, உப்பு போட்ட மோர் கிடைத்தால் இன்னும் நல்லது. குட்டையான பிள்ளை என்றால் பணம் கட்டும் முன்பே காரில் உட்கார வைத்து கிளட்சை அடி வரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். கார் பழுதானால் குறையும் நேரத்துக்கு என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.